நிறுத்தாத பாட்டு

செல்லசாமியின் சாவுக்கு வந்த டிரைவர் லோரன்ஸை, செத்தவரின் மனைவி வேலாயி வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"எம்புருசன் உசுரு போற நேரத்துல பாட்டுப் போட்டவன் நீ. எந்த மொகத்தோட மாலையைத் தூக்கிக்கிட்டு வந்த?"

லோரன்ஸ் மாலையை லயத்து வரிசை வீட்டுச் சுவரோரம் வைத்துவிட்டு, தூறலுக்குள் போய் நின்றுகொண்டான்.

லயத்துச் சனங்களுக்கும் அவன்மேல் கோபம்தான். அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வாடகைக்கு ஓடுகிற கார் அவனுடைய பழைய ஒஸ்டின் ஒன்றுதான். சீட்டெல்லாம் கிழிந்து பஞ்சு தள்ளிக்கொண்டிருக்கும். அதைத் தைக்க மாட்டான். காருக்குள் பூட்டியிருந்த கசெட் செட்டுக்கு மட்டும் என்ன வேண்டுமானாலும் செய்வான்.

முதலில் அந்தச் செட் ஒழுங்காகப் பாடவில்லை. ஏற்றத்தில் எஞ்சின் முக்க முக்க, பாட்டுக்குள்ளே 'ங்கொய்' என்று ஓர் இரைச்சலும் கூடவே ஏறும். சத்தத்தைக் கூட்டினால் காது கூசும். நிறுத்திவிட வேண்டியதுதான். ஸ்பீக்கரை மாற்றியும் இரைச்சல் போகவில்லை. கடைசியில் ஹட்டனில் ரேடியோ திருத்துகிற அமிர்தநாதனிடம் போனான்.

ஸ்பீக்கரில் பிழையில்லை, செட்டுக்கு வருகிற கரண்டுதான் சுத்தமில்லை என்றார் அவர். காரின் சாவி வயரிலிருந்து கரண்டை எடுத்திருந்ததால், டைனமோவின் இரைச்சலும் கரண்டோடு சேர்ந்து உள்ளே வந்துகொண்டிருந்ததாம். பேட்டரியிலிருந்து நேராக, தடிப்பாகத் தனி வயர் இழுத்தார். பெயின்டைச் சுரண்டி, வெறும் தகரத்தில் எர்த் கம்பியை இறுக்கினார். இரைச்சலை உறிஞ்சிக்கொள்ள டைனமோவில் ஒரு கண்டன்சரும் பூட்டினார்.

அதற்குப் பிறகு எவ்வளவு கூட்டினாலும் பாட்டு கலங்கவில்லை. பாடுகிறவர் மூச்சு எடுப்பதுகூட, பின் சீட்டுக்கு மேலே இருந்த ஸ்பீக்கர்களில் கேட்டது. லோரன்ஸுக்கு அதில் ஒரே பெருமை.

அந்தக் காரில்தான் செல்லசாமியை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. படுத்தால் அடைக்கிறது என்று முன் சீட்டில் சாய்த்து உட்கார வைத்தார்கள். வேலாயி பின்னால் ஏறிக்கொண்டாள்.

பாதி வழியில் செல்லசாமி கண்ணைத் திறந்து அவள் பெயரைச் சொன்னார். பிறகு தாடை நெஞ்சில் இடிக்க ஏதோ முனகினார். என்ன சொல்கிறார் என்று பிடிபடாமல் வேலாயி முன்னால் எட்டிக் குனிந்தாள்.

அந்த நேரம் பார்த்து லோரன்ஸ் பாட்டைப் போட்டான். போட்டதோடு விடாமல் குமிழை முழுசாகத் திருகிவிட்டான்.

ஏதோ கல்யாணப் பாட்டு. வேலாயியின் காதுப் பக்கத்திலேயே மேளமும் நாயனமும் முழங்கின. நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினாள். அவன் தோளில் அடித்தாள். அவன் திரும்பியே பார்க்காமல் காரை விரட்டினான். ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் செல்லசாமியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. காரிலிருந்து தூக்கி இறக்கும்போது அசைவு நின்றிருந்தது.

"கடைசியா எங்கிட்ட என்னமோ சொல்ல வந்தாரு. ஒரு வார்த்தை கேக்க விடலியே அந்தப் பாவி" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள்.

ஒரே மகன் கணேசமூர்த்தி கொழும்பில் புடவைக் கடையில் வேலைக்கு நின்றவன். கொழும்பில் தமிழர்களை அடித்து விரட்டிய ஆடி மாதக் கலவரத்துக்குப் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை. அகதிகளோடு கப்பலில் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டான், அங்கேயே வேலையும் கிடைத்துவிட்டது என்று செல்லசாமி சொல்லியிருந்தார். விலாசமும் அவருக்குத்தான் தெரியும். தந்தி அடிக்க வழியில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, செல்லசாமியின் தம்பி மகனைக் கொண்டு காரியத்தை முடிக்க முடிவு செய்தார்கள்.

பாடையைத் தூக்கும்போது வேலாயி லோரன்ஸைத் தேடி வந்தாள்.

"எம்மகன் வருவான். வந்து ஒன்னைய கேப்பான்."

லோரன்ஸ் சரி என்பதுபோலத் தலையை அசைத்தான்.

மறுநாள் காலையில் அவன் அமிர்தநாதனின் கடை வாசலில் காரை நிறுத்தினான். செட்டைக் கழற்றிவிடச் சொன்னான். மறுபடியும் இரைச்சல் வருகிறதா என்று அவர் கேட்டார். இல்லை, சுத்தமாகத்தான் பாடுகிறது என்றான்.

விசயம் அவர் காதுக்கும் வந்திருந்தது.

"நாந்தான் அதுக்கு வயர் இழுத்துக் குடுத்தேன். நெனச்சா எனக்கே வெக்கமா இருக்கு. புருசன் பேச்சைக் கேக்கணும்னு ஒரு பொம்பள கெஞ்சியிருக்கா. நிறுத்தினா என்னடா கொறஞ்சு போயிருவ?"

லோரன்ஸ் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

"ஆஸ்பத்திரி போய்ச் சேந்தா பொழைச்சுக்குவாரு, பொறகு வீட்டுல வச்சு அவரே பதமாச் சொல்லிக்கட்டும்னு நெனச்சேண்ணே. இப்ப அவரும் இல்ல. அந்தம்மாகிட்ட நான் எப்புடிப் போய்ச் சொல்லுவேன்?"

"என்னத்தைச் சொல்லணும்?"

"'நம்ம புள்ள யாழ்ப்பாணத்துல இல்ல வேலாயி, ஆடியிலயே அவனைக் கடையோட வச்சுக் கொளுத்திட்டாங்க'ன்னு சொல்லிக்கிட்டே வந்தாருண்ணே அந்த மனுசன்."