பிரகாசி பேசும் நாள்

எச்சரிக்கைப் பெட்டி விடிந்ததிலிருந்து பிரகாசியின் குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. சங்கு ஊதினால் தீவில் ஒருத்தரும் அசைவதில்லை என்று, எந்த வீட்டில் யார் பேச்சு எடுபடுமோ அவர் குரலையே பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள்.

"ஏங்க, புயல் வருது. கிளம்புங்க."

அவள் செத்து நாலு வருசம். புயல் வந்தால்தான் பேசுவாள். வெளியே வந்து கதவைப் பூட்டினால் நின்றுவிடுவாள். அதனால் அவள் புருசன் சந்தியாகு, கட்டிய கூரையையே மறுபடி இழுத்துக் கட்டினார், மடித்த வலையையே உதறி மடித்தார்.

"மச்சான், இதுதான் கடைசி வேன்!" பிரகாசியின் தம்பி மிக்கேல் வாசலில் கத்தினான். "அக்காகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது போதும், வாய்யா!"

சந்தியாகு பையோடு வந்து ஏறினார்.

"கதவு திறந்து கெடக்கே? காத்து உள்ள பூந்தா கூரையைத் தூக்கிட்டுப் போயிருமே!"

"போகட்டும்டா. அதுவரைக்கும் பேசிக்கிட்டு இருக்கட்டும்."

"புத்தி கெட்டுப்போச்சா?" என்று மிக்கேல் திட்டிக்கொண்டே பூட்ட ஓடினான்.

"ஏங்க, கிளம்பிட்டீங்களா?" என்றது உள்ளே குரல்.

கதவில் கை வைத்தவன் அப்படியே நின்றான். வேன்காரர் ரெண்டு தரம் ஆரன் அடித்தார். பூட்டாமலே திரும்பி வந்து, மச்சான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.