ஓசி சவாரி

"நோய் இல்லாதவங்கல்லாம் எதுக்கு இந்த வண்டியில ஏறணும்?"

வர்க்கி ஆரம்பித்துவிட்டார். தொண்டையில் கட்டி. அதிகம் பேசக் கூடாது என்று டாக்டர் தலைப்பாடாய் அடித்துக்கொள்கிறார். யார் கேட்டது?

செவ்வாய்க்கிழமைதோறும் விடிந்தும் விடியாமலும் வயநாட்டிலிருந்து மலையிறங்கி, கோழிக்கோட்டுப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகும் இலவச வேன் அது. ஊரே கூடிப் பிரியாணி சமைத்து, வீடு வீடாகப் பொட்டலம் விற்று வாங்கியது. அதனால் அதில் யார் ஏறலாம், யார் ஏறக் கூடாது என்று சொல்ல ஊரில் எல்லோருக்கும் உரிமை இருந்தது.

வர்க்கி, ஓமனா, கேளு. மூன்று பேருக்கும் மருந்து ஏற்ற வேண்டும். கடைசி சீட்டில் சைனபா. அவளுக்குப் போன வருஷமே குணமாகிவிட்டது. கொட்டிப்போன முடிகூட வளர்ந்து முக்காட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது.

"உன்னைத்தான் கேக்கறேன் சைனபா. வாராவாரம் உனக்கு அங்க என்ன வேலை?"

"சும்மாதான் சேட்டா. வீட்லயே இருந்தா போரடிக்குது."

"போரடிக்குதாம்! திரும்பி வர்றப்போ கையில அல்வாப் பொட்டலம் வேற. நாங்க உசுரைப் பிடிச்சுக்கிட்டுப் போறோம், இவ அல்வா வாங்கப் போறா. ஓசி சவாரி!"

அல்வா வாங்குவது என்னவோ நிஜம்தான்.

"விடுங்க சேட்டா. காலங்காத்தால கத்தாதீங்க, எனக்கு முடியல" என்றாள் ஓமனா, கண்ணைத் திறக்காமலே.

முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. சைனபா பிளாஸ்டிக் பையை வாயருகே பிடித்துக்கொண்டாள். வளைவுக்கு வளைவு அவளுக்குக் குமட்டல்தான். முன் சீட்டில் உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. ஆனால் அது வர்க்கியின் சீட்டு.

"வாந்தி எடுத்துக்கிட்டே ஊர் சுத்துற ஒரே ஆளு நீதாம்மா" என்றார் வர்க்கி.

டிரைவர் சுனீஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கண்ணாடியில் அவனைப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினாள் சைனபா.

சாயங்காலம் ஊர் திரும்பி இறங்கும்போது, "அடுத்த வாரத்துலேருந்து நான் வரல சுனீஷ்" என்று மட்டும் சொன்னாள்.

வர்க்கிக்கு ஜெயித்த திருப்தி. சந்தோஷப்படத்தான் உடம்பில் தெம்பில்லை.

அடுத்த செவ்வாய். பனியில் மூன்று பேரும் காத்திருந்தார்கள். வேனைக் காணோம். நிற்க முடியாமல் கேளு பூட்டிய கடையின் படியில் படுத்துவிட்டான். சுனீஷ் போனை எடுக்கவில்லை.

வர்க்கிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு வாரம்கூட மருந்து தவறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பஸ்ஸில் போகலாமென்றால், வேன் வருவதற்கு முன்பு ஒருமுறை மருந்து ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் நின்றபடி வந்து, பாதி மலையில் மயங்கி விழுந்தவர் அவர்.

வேன் வந்தபோது வெயில் ஏறியிருந்தது.

"எங்கடா போய்த் தொலைஞ்ச?"

"கோவிச்சுக்காதீங்க சேட்டா. வண்டிதான் நம்ம ஊரோடது. டீசல் காசு துபாய்ல இருக்கறவங்க தர்றது. நாலு பேர் ஏறினாத்தான் தருவாங்க. மூணு பேருக்கெல்லாம் வண்டியை எடுக்கக் கூடாது."

"இத்தனை நாளா எடுத்தியே? நம்மகூட மருந்துக்கு வந்த பாப்பச்சன் செத்துப் போனதுலேருந்து நாங்க மூணு பேர்தானே?"

"குணமானவங்களையும் கணக்குல சேத்துக்குவாங்க சேட்டா" என்றான் சுனீஷ். "சொல்லிடலாம்னுதான் பார்த்தேன். சைனபா இத்தாதான் வேணாம்னுட்டாங்க. ஒருத்தர் போனா வண்டி நின்னுடும்னு தெரிஞ்சா, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துப் பயந்துக்கிட்டே வருவீங்களாம். இப்பவும் அவங்க வீட்டு வாசல்ல நின்னு கெஞ்சித்தான் கூட்டிட்டு வர்றேன்."

கடைசி சீட்டில் சைனபா, மடியில் பிளாஸ்டிக் பையோடு.

"சீக்கிரம் ஏறுங்க சேட்டா. மருந்துக்கு நேரமாச்சு" என்றாள்.

வர்க்கி முன் கதவைத் திறந்தார். ஏறவில்லை. சைனபாவைப் பார்த்து அந்த சீட்டைக் கையால் காட்டிவிட்டு, பின்னால் போய் உட்கார்ந்தார்.

பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னதை, அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டார்.