மில் பிரிவில் முப்பது

பலகையை நிமிர்த்தியபோது வெயில் அதில் பட்டுக் கண் கூசியது.

அவள் நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

வெள்ளை வட்டம். சிவப்பு விளிம்பு. நடுவில் முப்பது.

நெடுஞ்சாலைத் துறை ஆட்கள் இருவர் குழியில் கான்கிரீட்டைக் கொட்டிக் குத்தினார்கள். பொறியாளர் போனில் படம் எடுத்தார்.

மில்லுக்குச் சாலை பிரியும் அந்த மில் பிரிவில் வேறு யாரும் நிற்கவில்லை.

இங்கேதான் அவள் தங்கை தெய்வானை அடிபட்டுச் செத்தாள். ஒரு கால் சூம்பியவள். பாதிச் சாலையைத் தாண்டியிருந்தாள். வந்த காரின் வேகத்துக்கு அவள் நடை போதவில்லை.

அக்காள் தங்கை இருவருக்குமே கல்யாணம் ஆகவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, தினமும் ஒரே சண்டை.

காரியம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை, அவள் மனுவோடு கலெக்டர் ஆபீஸுக்குப் போனாள். இந்த இடத்தில் வண்டிகள் மெதுவாகப் போக வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள்.

அதைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று புரியவே ஒரு மழைக்காலம் போயிற்று. சாலை ஒரு துறைக்கு, வண்டி இன்னொரு துறைக்கு, அபராதம் போலீஸுக்கு. ஆட்கள் வந்து கருவி வைத்து வேகத்தை அளந்தார்கள். பஸ் முதலாளிகள் நேரம் கட்டுப்படியாகாது என்றார்கள். எல்லோரும் போகிற வேகத்தை ஒட்டித்தான் வரம்பு வைக்க முடியும் என்றார் ஒரு அதிகாரி.

ஒவ்வொரு திங்களும் போனாள்.

வரிசையில் நிற்பவர்கள் பழக்கமானார்கள். பட்டாவுக்காக அலையும் ஒரு பெரியவர் அவளுக்கு இடம் பிடித்து வைப்பார். கேன்டீன்காரப் பெண், "இன்னைக்கு என்ன சொன்னாங்கக்கா?" என்று கேட்டுக்கொண்டே டீ ஆற்றுவாள். தெய்வானையின் பெயர் அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கடைசியில் சாலைப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்துக்கு அவளையே கூப்பிட்டார்கள். ஐம்பதா, நாற்பதா, எவ்வளவு வேகம் சரிப்படும் என்று கேட்டார்கள்.

"எனக்கு நம்பரெல்லாம் தெரியாதுங்க. எந் தங்கச்சி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்ச் சேரோணுங்க."

கலெக்டர் தன் முன்னிருந்த தாளில் ஐம்பதையும் நாற்பதையும் அடித்தார்.

முப்பது என்று முடிவாயிற்று.

பொறியாளர் அவள் பக்கம் வந்தார்.

"ஆச்சுங்கம்மா. இனி நீங்க அலைய வேண்டியதில்லீங்க."

தலையாட்டினாள். கும்பிட்டாள்.

ஜீப் போய்விட்டது.

ஒரு லாரி வந்தது. பலகையைப் பார்த்து வேகம் தணிந்தது. பின்னால் வந்த காரும் தணிந்தது.

இத்தனை நாள் வண்டிகள் வெறும் நிறமாகத்தான் ஓடின. இப்போது உள்ளே இருந்தவர்கள் தெரிந்தார்கள். வாயைத் திறந்து தூங்கும் ஒருவர். பின்சீட்டில் தலைவாரிக்கொள்ளும் ஒரு பெண்.

யாரும் அவளைப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு பஸ். மெல்ல, மெல்ல வந்து, சாலையோரம் நிற்பவள் ஏறத்தான் நிற்கிறாள் என்று எண்ணி நின்றேவிட்டது.

அவள் கை காட்டவில்லை.

"ஏறுங்கம்மா, சீக்கிரம்."

ஆளில்லாத வீடு இருக்கும் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஏறினாள்.

கண்டக்டர் எங்கே என்று கேட்டார்.

"வண்டி எது வரைக்குமோ, அது வரைக்கும் குடுங்க."

ஜன்னலோரம் இருந்த பெண் பையை மடிக்கு எடுத்து இடம் விட்டாள். முகம் பார்த்துச் சிரித்தாள்.

"ஆரு வூட்டுக்குங்கக்கா?"

பஸ் மெதுவாகப் பலகையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"எந் தங்கச்சி வூட்டுக்குங்க," என்றாள்.