லிஃப்ட் பழுது

“லிஃப்ட் பழுதாம் அக்கா.”

தூணைச் சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கபிலன் சொன்னான். பலெர்மோ விமான நிலையத்தின் அடியில், ரயில் வந்து நிற்கும் தளத்தில், சிவமலர் சக்கர நாற்காலியில் இருந்தாள். மயில்நீலப் பட்டுச் சேலை. அதைத் தனியாகக் கட்டி முடிக்க அவளுக்குக் காலைப் பொழுது முழுவதும் பிடித்திருந்தது.

“அப்ப எஸ்கலேட்டர்?”

“வீல்செயாரை ஏத்த விடமாட்டாங்கள். நீங்கள் இஞ்சையே இருங்கோ. நான் அவையளைக் கூட்டிக்கொண்டு கீழை வாறன்.”

“பொம்பிளையின்ரை தாய் தகப்பன் முதல்முதல் வருகினம். நான் மேலை நிண்டு கூப்பிட்டிருக்கவேணும். எங்களுக்கு வேறை ஆர் இருக்கினம்?” அவள் சேலை மடிப்பை நீவிவிட்டாள். “என்னைப் பற்றிச் சொல்லிப்போட்டாய்தானே?”

“சொல்லிப்போட்டன்.”

அவன் சொல்லாமல் இல்லை. ஜெர்மனியிலிருந்து அவர்கள் தொலைபேசியில் விசாரித்தபோது, அக்காவைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். அதன்பிறகு அவர்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

எஸ்கலேட்டரில் அவன் கால் வைத்தபோது, பக்கத்துக் கண்ணாடி லிஃப்ட் ஆட்களோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பழுதும் இல்லை. கபிலன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

முன்பு அவனுக்குக் கலியாணம் பேசி வந்த இடம் ஒன்று, வீட்டுக்கு வந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போனது. போனதுதான், ஒரு பதிலும் இல்லை. ஸ்ஃபெர்ராகவால்லோ மீன் உணவகத்தில் கூட வேலை செய்யும் விமலராஜ் அப்போதே சொன்னான்: “அக்காவை இந்தக் கோலத்திலை கண்டா, தங்கடை பிள்ளைதான் காலம் முழுக்கத் தூக்கிப் பாக்கவேணும் எண்டு யோசிப்பினமடா.” கபிலன் அவனைத் திட்டினான். திட்டிவிட்டாலும் அந்தப் பேச்சு காதை விட்டுப் போகவில்லை.

வன்னியில் ஷெல் விழுந்த அன்று அவனை முதலில் பங்கருக்குள் தள்ளியவள் சிவமலர். அவள் இறங்க நேரம் இருக்கவில்லை. எஸ்கலேட்டர் மேலே போகப் போக அந்த நினைவு வந்தது. மேலே போனவுடன் திரும்பி இறங்கியிருக்கலாம். அவன் இறங்கவில்லை.

அவன் போட்டிருந்த திட்டம் இதுதான்: வந்தவர்களை வாசலில் வாடகைக் காரில் ஏற்றிவிடுவது, பிறகு அக்காவுக்குப் போன் எடுத்து ‘அவையள் களைச்சுப்போச்சினம், நாளைக்குப் பாப்பம்’ என்று சொல்வது. அவள் கபோவில் இருக்கும் வீட்டுக்கு ரயிலில் தனியாகப் போய்ப் பழகியவள்தான். நாளைக்கு என்ன சொல்வது என்று அவன் யோசித்திருக்கவில்லை.

வருகை வாசலில் சனம் கலைந்துகொண்டிருந்தது. விமானம் நேரத்தோடு இறங்கியிருந்தது. பொம்பிளை வீட்டாரைக் காணவில்லை. அழைத்துப் பார்த்தான், அவர்களின் தொலைபேசி நிறுத்தியிருந்தது.

“தம்பி கபிலன்!”

திரும்பினான். பொம்பிளையின் தாய் நாகபூசணி லிஃப்ட் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். பின்னால் பெட்டிகள் ஏற்றிய தள்ளுவண்டியோடு அவருடைய கணவர்.

“நீர் ரயிலிலை வாறன் எண்டனீர். அதுதான் உம்மைத் தேடிக் கீழை போனனாங்கள்.”

“கீழையோ?”

“ஓம் தம்பி. லிஃப்டாலை வெளியிலை வந்தா, சேலை கட்டின எங்கடை பிள்ளை ஒண்டு வீல்செயாரிலை இருக்குது. லிஃப்டைக் காணாததைக் கண்ட மாதிரிப் பாத்துக்கொண்டு இருந்தா. உம்மடை பேரைச் சொல்லிக் கேட்டன். சேலை மடிப்பை ஒருக்கால் நீவிப்போட்டு, ‘மேலைதான் நிப்பார், வாங்கோ’ எண்டு தானும் எங்களோடை ஏறினா.”

கபிலன் அவருடைய தோளுக்கு மேலால் பின்னால் பார்த்தான்.

“இவர் மேலை மேலை பொத்தானைத் தேடுறார். அது அவவின்ரை கை எட்டுற உயரத்திலை கிடக்குது. அவதான் அமத்தினவ” என்று நாகபூசணி சிரித்தார். “லிஃப்டின்ரை பின்சுவரிலை முகம் பாக்கிற பெரிய கண்ணாடி. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தக் கண்ணாடியிலை எங்களைப் பாத்துத்தான் கதைச்சா.”

“அவ இப்ப எங்கை?”

“இறங்கேல்லை. ரயிலுக்கு நேரமாம். திரும்பாமலே கண்ணாடிக்குள்ளாலை கையைக் காட்டினா. கதவு மூடிட்டுது.”

கபிலன் லிஃப்டைப் பார்த்தான். மூடிய கதவு மூடியே கிடந்தது. காது மடல்கள் சுட்டன. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை.

“ஊர் ஆள் எண்டபடியா உம்மைப் பற்றியும் விசாரிச்சனான். கோவிக்கக்கூடாது” என்றார் நாகபூசணி. “நல்ல பிள்ளையாம். யோசிக்காமல் மகளைக் குடுக்கட்டாம்.”

“வேறை என்ன கதைச்சனீங்கள்?” கபிலன் கேட்டான்.

நாகபூசணியின் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. கிட்ட வந்து அவன் தோளில் கை வைத்தார்.

“உம்மடை அக்கா சண்டையிலை செத்துப்போனதைச் சொன்னன் தம்பி. ‘ஓம் அன்ரி, எனக்கும் தெரியும்’ எண்டு சொன்னா.”