இடமும் வலமும்

மகளின் பனி ஹாக்கி மட்டையின் வளைந்த அடிப்பகுதியில் கறுப்பு டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்த குகநேசனுக்குப் பாதியில் கை நின்றுவிட்டது. சுற்று இடப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் கொள்ளிக்குடத்தோடு மனைவியின் உடலை அப்படித்தான் இடமாகச் சுற்றிவந்தார். அதற்குப் பிறகு மகள் ஆரபி இன்றுதான் விளையாட இறங்குகிறாள்.

டேப்பை உரித்துப்போட்டு, வலமாகச் சுற்றி முடித்தார். நிம்மதியோடு மட்டையைத் திருப்பிப் பிடித்தால், மறுமுனையிலிருந்து பார்க்க அதுவும் இடமாகவே போயிருந்தது.

"என்னப்பா, திரும்பவும் கழட்டப்போறீங்களோ? மற்றப் பிள்ளையள் எல்லாம் ஐஸில இறங்கியாச்சு."

"பொறம்மா. விளையாடேக்க நீ இதை எந்தப் பக்கத்தால பாப்பாய்?"

"இதென்ன விசர்க் கேள்வி? மேல இருந்துதான்."

மட்டையை வாங்கி ஊன்றிக் காட்டினாள். மேலேயிருந்து பார்த்தபோது இடமுமில்லை, வலமுமில்லை. அடுக்கடுக்காகக் கறுப்புக் கோடுகள் மட்டும். அவர் வாய் திறப்பதற்குள் அவள் பனிக்களத்துக்குள் சறுக்கிப் போய்விட்டாள்.

பெற்றோர் உட்காரும் இடம் ஆடுகளத்துக்கு மறுகரையில் இருந்தது. இந்தப் பக்கமாகவும் சுற்றிப் போகலாம், அந்தப் பக்கமாகவும் போகலாம். விசில் ஊதியபோதும் குகநேசன் நின்ற இடத்திலேயே நின்றார்.