முன்விளக்கும் மூக்குக்கண்ணாடியும்

ஒரு பழைய காரில் ஒரு முன்விளக்கு இருந்தது. கல்லும் மண்ணும் பட்டுப் பட்டு அதன் முகமெல்லாம் அம்மைத் தழும்பு. வெயிலில் மஞ்சளும் பூத்துவிட்டது. "ரோடே தெரியலையே" என்று கார்க்காரர் சலித்துக்கொள்ளும் போதெல்லாம், தன்னால்தானே என்று அது கூனிக் குறுகிப்போகும்.

ஒருநாள் அவர் பட்டறைக்கு வண்டியை விட்டார். அங்கே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். பிறகு பற்பசை பூசித் தேய்த்தார்கள்.

"எரியுதுக்கா" என்றது விளக்கு, கார்க்காரர் மூக்கின்மேல் உட்கார்ந்திருந்த கண்ணாடியிடம்.

"பொறுத்துக்க தம்பி. உன்மேலயும் தப்பு இருக்குல்ல" என்றாள் கண்ணாடி.

விளக்கின் முகம் பளிங்காகிவிட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்த கார்க்காரர், "இப்பவும் மங்கலாத்தான் இருக்கு" என்று சொல்லி, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் அழுத்தித் துடைத்தார். அப்போதுதான் விளக்கு கவனித்தது. அக்கா முகம் முழுக்கக் கீறல்.

"அக்கா, மங்கல் உன்கிட்டல்ல இருக்கு? அவர்கிட்டச் சொல்லேன். இல்லாட்டி என்னைக் கழற்றிப் போட்டுடுவாங்க."

"சொன்னா என்னைப் போட்டுடுவாங்களே தம்பி" என்று சொல்லிவிட்டு அவள் மூக்கில் ஏறிக்கொண்டாள்.

பட்டறை மூலையில், பழைய இரும்போடு விளக்கு கிடந்தது. புது விளக்கு மாட்டிய கார் வாசல் தாண்டவில்லை. "இதுவும் சரியில்லையே" என்றார் கார்க்காரர்.

"பொறுத்துக்க தம்பி" என்று புது விளக்கிடம் யாரோ பரிவாகச் சொல்வது கேட்டது.