கொஞ்சம் மரியாதையா பேசுங்கம்மா

"யோவ், அந்தக் கைய அசைக்காதன்னு எத்தன தடவ சொல்றது? காதுல என்ன வயரா சொருகி வச்சிருக்க?"

கீமோ வார்டில் பத்து சாய்வு நாற்காலிகள். ஒன்பதில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பத்தாவதில் கையில் ஊசியோடு சாய்ந்திருந்த எலக்ட்ரீஷியன் மட்டும் எதுவும் நடக்காதது போல, மேலே மினுக்கிக்கொண்டிருந்த ட்யூப் லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திட்டியவள் அவருடைய மனைவி. காலை எட்டு மணிக்கு வந்ததிலிருந்து வாய் மூடவில்லை. வீல்சேரில் ஏறும்போது திட்டினாள், இறங்கும்போது திட்டினாள். ரத்தம் எடுக்க நரம்பு கிடைக்கவில்லை என்றதும் அந்த நரம்பையும் சேர்த்துத் திட்டினாள்.

உடம்பு முடியாதவரிடம் இப்படியா பேசுவார்கள்? கட்டின புருஷன் என்பதற்காவது ஒரு 'ங்க' போட்டால் வாய் தேய்ந்தா போய்விடும்?

பக்கத்து நாற்காலிக்காரரின் மனைவி இருக்கிறாரே, அவரல்லவா மனைவி! "என்னங்க, தண்ணி வேணுமாங்க? தலகாணி சரியா இருக்காங்க?" என்று வார்த்தைக்கு வார்த்தை ங்க. நடுநடுவே செல்போனில் தங்கையைக் கூப்பிட்டு, "நான் ஒருத்தியா இவரத் தாங்கிட்டிருக்கேன்டி" என்று வார்டுக்கே கேட்கும்படி சொல்லவும் அவருக்கு நேரம் இருந்தது.

எலக்ட்ரீஷியனுக்கு இது ஆறாவது முறை. போன வாரம் எடுத்த ஸ்கேனின் ரிப்போர்ட் இன்று வர வேண்டும். இத்தனை நாள் ஏற்றிய மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்பது அதில்தான் தெரியும்.

"ரிப்போர்ட் சாயங்காலம் வந்துடும்ல?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வரும், வரும். இப்ப இந்தத் தண்ணியக் குடி."

"வாயெல்லாம் இரும்பு மாதிரி இருக்கு."

"ஸ்குரூவ வாயில கடிச்சுக்கிட்டே வேல பாத்த ஆளுதான நீ? இப்ப மட்டும் இரும்பு கசக்குதா? குடிய்யா!"

குடித்தார். வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு, "முடி திரும்ப வருமா?" என்றார்.

"இருந்தப்ப மட்டும் சீவிக் கிழிச்ச!"

அந்த நேரம் பார்த்து மருந்து ஏற்றும் மிஷின் கீ கீ என்று கத்தியது. எலக்ட்ரீஷியனின் சும்மா இருந்த கை, பழக்கதோஷத்தில் அதன் முதுகுப் பக்கம் போனது.

"யோவ், எடு கைய! ஊர்ல உள்ள மிஷினையெல்லாம் சரி பண்ணுவ. நம்ம வீட்டு காலிங் பெல்லு மூணு வருஷமா ஊமையா கெடக்கு. வர்றவன்லாம் கதவ ஒடைக்கிறான்!"

ஓடி வந்த நர்ஸுக்கு மிஷினை விட இவள்தான் பெரிய தொல்லையாகத் தெரிந்தாள். "அம்மா, கொஞ்சம் மரியாதையா பேசுங்கம்மா. அவர் பேஷன்ட்."

"பேஷன்ட்டெல்லாம் உங்களுக்கும்மா. எனக்கு இந்த ஆளு இருபத்தேழு வருஷத் தலவலி."

நர்ஸ் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. திமிருக்கும் ஓர் அளவு வேண்டாமா?

மதியம் ஏதோ ஒரு ஊசி மருந்து குறைகிறதென்று எலக்ட்ரீஷியன் மனைவியைக் கீழே மருந்துக் கடைக்கு அனுப்பினார்கள். அவள் போனதும் வார்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டது. மற்ற ஒன்பது பேரும் சொல்லிவைத்தாற்போல் கண்ணயர்ந்தார்கள்.

எலக்ட்ரீஷியனுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. கம்பளியை விலக்கினார், போர்த்தினார், மறுபடி விலக்கினார். கண் வாசலிலேயே இருந்தது.

அரை மணி கழித்து வராந்தாவில், "யோவ், தூங்காம அங்க என்ன பராக்குப் பாத்துட்டிருக்க?" என்று குரல் கேட்டது. உடனே கண்ணை மூடினார். ஐந்தாவது நிமிடம் குறட்டை.

"பாவம், பயந்துபோய்த் தூங்குற மாதிரி நடிக்கிறாருங்க" என்று உச்சுக் கொட்டினார் ங்க அம்மா. "டாக்டர் வந்ததும் சொல்லிடுங்க சிஸ்டர். இவ திட்டுற திட்டுக்கு எந்த மருந்து வேல செய்யும்?"

நர்ஸ் அப்படியே செய்தாள். நாலு மணிக்கு டாக்டர் வந்ததும், அறைக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, ஒன்று விடாமல் சொன்னாள். பிறகு வெளியே வந்து தெம்பாகக் கூப்பிட்டாள்.

"பத்தாம் நம்பர் கூட வந்தவங்க மட்டும் உள்ள வாங்க."

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். நல்லா வாங்கிக் கட்டிக்கட்டும் என்று வார்டு காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. கதவு மூடியிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஏமாற்றம்தான்.

கால் மணி நேரம் கழித்து வந்தாள். சத்தம் இல்லை. ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சு வைத்து அழுத்தினாள். குனிந்து, அவர் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிச் செருப்பை மாட்டிவிட்டாள்.

"என்னங்க, மெதுவா எழுந்திருங்க. ஒண்ணும் அவசரமில்லங்க."

வார்டே நிமிர்ந்து உட்கார்ந்தது. நர்ஸ் முகத்தில் வெற்றிக் களை. ங்க அம்மா தன் கணவரின் காதில், "பாத்தீங்களா, டாக்டர் விட்ட டோஸ்ல மரியாதையெல்லாம் தானா வருதுங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

எலக்ட்ரீஷியன் எழுந்திருக்கவில்லை. மனைவியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எத்தன மாசம்னு சொன்னாரு?"